பரணில் கிடக்கும் பழைய போர்டுகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

மதுரைக்காரர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். அவருடைய அப்பா 1990களில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். டிடிபி வேலையும் செய்து கொடுத்திருக்கிறார். சென்டரை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பரணை ஒழித்தபோது இரண்டு அட்டைப்பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. உள்ளே எட்டு மதர்போர்டு, இருபது சொச்சம் கார்டு, கம்பிச்சுருள் போட்ட மேனுவல்கள், ஒரு ஷூ டப்பா நிறைய ஃப்ளாப்பி. “காயலான் கடையில் கிலோ கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்க மனசு வரவில்லை. படமெடுத்து இணையத்தில் பதிந்து வைக்கலாம் என்றால் ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். எதில்தான் சார் போடுவது?”

இதே கேள்வியை இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் போட்டதில் எனக்கே திருப்தி இல்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இந்தப் பட்டியல்கள் எதற்கு

வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இதை நினைப்பவருக்கு ஒரு ஜம்பரைக் காட்டினால் போதும். போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை இணைக்கச் சொருகும் சின்ன மூடிதான் ஜம்பர். 486 வகை பிராசசருக்கான போர்டுகள் பலவற்றில் பிராசசருக்குப் போகிற வோல்டேஜை ஜம்பர் வைத்துத்தான் மாற்ற வேண்டும். இன்டெல் டிஎக்ஸ்2-66 கேட்பது 5 வோல்ட். டிஎக்ஸ்4 கேட்பது 3.3 வோல்ட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஜம்பரை 5 வோல்ட்டில் விட்டுவிட்டு டிஎக்ஸ்4ஐச் சொருகினால் சிப்புக்குக் காரியம் முடிந்தது. எந்த ஜம்பர் எதற்கு என்று போர்டிலேயே அச்சிட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஜேபி12, ஜேபி13 என்று எண் மட்டும்தான் இருக்கும். மேனுவல் தொலைந்தால் போர்டு ஊமை.

1990களின் கடைசியில் டோட்டல் ஹார்ட்வேர் 99 என்று ஒரு தொகுப்பு இணையத்தில் சுற்றியது. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டுப்படம், கீழே ஜம்பர் அட்டவணை. பழைய மெஷின்களை எழுப்ப முயன்றவர்கள் பலருக்கும் அதுதான் கைவிளக்கு. அதன் நகல்கள் இன்றும் சில தளங்களில் கிடைக்கின்றன. ஆனால் புகைப்படம் கிடையாது, பயாஸ் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராம்) கோப்பு கிடையாது. கோட்டுப்படத்தைக் கையிலிருக்கும் போர்டோடு ஒப்பிட்டு, “இந்த ஸ்லாட் இங்கே இருக்கிறது, இந்தக் கிரிஸ்டல் கொஞ்சம் தள்ளி இருக்கிறதே” என்று குழம்பியவர்களுக்குத்தான் அந்தக் குறை புரியும். இன்றைய தன்னார்வலர்கள் பிடித்துக்கொண்டது அந்த இடத்திலிருந்துதான்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

எனக்கு ஐந்து விஷயங்கள் முக்கியம். அவற்றில் முதலாவதற்கு மற்ற நான்கையும் சேர்த்த எடை கொடுப்பேன்.

தேடுபவர் கையில் அது சிக்குமா? பழைய போர்டைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் அதன் பெயர் தெரியாது. அவரிடம் இருப்பவை துண்டுதுண்டான அடையாளங்கள்: சிப்பின் மேல் உள்ள எண், கார்டின் ஓரத்தில் அச்சிட்ட எஃப்சிசி எண் (அமெரிக்க அரசு அனுமதி எண்), கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் அடியில் வந்து போகிற ஒரு வரி. இவற்றை வைத்துத் தேடினால் உங்கள் பதிவு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பரணில் இருப்பதும் இணையத்தில் இருப்பதும் ஒன்றுதான்.

இரண்டாவது, அந்த இடம் எதையெல்லாம் ஏற்கும். படம் மட்டுமா, மேனுவலுமா, ரோம் சிப்புக்குள் இருக்கும் பயாஸுமா? மூன்றாவது, உரிமம்: உங்கள் படத்தை மற்றவர்கள் என்ன செய்யலாம், அடுத்தவருடைய மேனுவலை நீங்கள் போடலாமா. நான்காவது உங்கள் நேரம். இலவசம் என்று சொல்லப்படுகிற எல்லாவற்றுக்கும் உண்மையான விலை அதுதான்.

ஐந்தாவது, எத்தனை நாள் நிற்கும். இதில் பெரிய பெயரை நம்பி ஏமாற வேண்டாம். சியாட்டிலில் லிவிங் கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு மியூசியம் இருந்தது. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன் 2012இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பழைய பெரிய கம்ப்யூட்டர்களை ஓடும் நிலையிலேயே வைத்திருந்தார்கள். 2018இல் ஆலன் இறந்தார். 2020இல் மியூசியத்தின் கதவு சாத்தப்பட்டது. 2024இல் இனித் திறக்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள், அதே வருஷம் அவருடைய சேகரிப்பிலிருந்து பல பொருள்கள் கிறிஸ்டீஸ் ஏலத்துக்குப் போயின. கோடீஸ்வரர் வைத்த விளக்கே அணைகிறது என்றால், நாம் பார்க்க வேண்டியது தளத்தின் பணபலத்தை அல்ல. நாம் கொடுப்பதை இன்னும் நான்கு பேர் நகலெடுத்து வைத்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறதா என்பதைத்தான்.

வழி 1: தி ரெட்ரோ வெப்

முன்பு அல்டிமேட் ரெட்ரோ என்ற பெயரில் இருந்த திட்டம். டோட்டல் ஹார்ட்வேர் 99 விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்று சொன்னால் தப்பில்லை. மதர்போர்டுக்கு ஒரு பக்கம். அதில் சிப்செட் (போர்டை நடத்தும் முக்கியச் சிப்கள்), சாக்கெட், கார்டு சொருகும் ஸ்லாட்டுகளில் ஐசா எத்தனை, பிசிஐ எத்தனை, கேஷ் எனும் வேக மெமரி எவ்வளவு, மேலிருந்து எடுத்த படம், மேனுவல், பயாஸ் கோப்பு. கார்டுகளுக்கும் சிப்களுக்கும் தனிப் பக்கங்கள்.

என் முதல் அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை. ஒரு உதாரணம். அவார்டு நிறுவனத்தின் பயாஸ் உள்ள பென்டியம் போர்டை ஆன் செய்தால், மெமரி எண்ணும்போது திரையின் கடைசி வரியில் தேதி, சிப்செட், அப்புறம் 2ஏ59ஜிஏ1 என்பது போல ஆரம்பிக்கும் ஒரு எழுத்துக்கோவை வரும். அதில் முதல் ஐந்து எழுத்துகள் சிப்செட்டைக் குறிக்கும். 2ஏ59ஜி என்றால் இன்டெல் 430விஎக்ஸ். அடுத்த இரண்டு எழுத்துகள் தயாரிப்பாளர். ஏ1 என்றால் அபிட். போர்டில் பெயரே இல்லாவிட்டாலும் பிறப்புச் சான்றிதழ் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்தக் கோவையைக் கொடுத்துத் தேடுவதற்கு ரெட்ரோ வெப்பில் வசதி உண்டு. கூகுளில் தேடினால் இப்படிக் கிடைக்காது, விக்கியிலும் கிடைக்காது.

படங்களின் அருமைக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 1990களின் நடுவில் பிசி சிப்ஸ் தயாரித்து, பல பெயர்களில் விற்கப்பட்ட சில 486 போர்டுகளில் கேஷ் சிப் போலியாக இருந்தது. வெளியே கறுப்புப் பிளாஸ்டிக், மேலே ‘ரைட் பேக்’ என்ற எழுத்து, உள்ளே ஒன்றுமே இல்லை. பயாஸும் அந்தப் பொய்க்கு ஒத்து ஊதி, கேஷ் இருக்கிறது என்று திரையில் காட்டும். எம்919 என்ற மாடல் இதற்காகவே பேர் போனது. வெறும் அட்டவணையை நம்பினால் ‘கேஷ் 256 கேபி’ என்று நாமும் எழுதிவிட்டுப் போவோம். தெளிவான படம் இருந்தால் சிப்பின் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? நேரம்தான். போர்டின் ரிவிஷன் எண் (அந்த மாடலின் எத்தனையாவது பதிப்பு என்பது) தப்பானால் ஜம்பர் அட்டவணையும் தப்பாகும். அந்த எண் சில சமயம் ஸ்லாட்டுகளுக்கு நடுவே, சில சமயம் பின்பக்கம், சில சமயம் ஒரு ஸ்டிக்கரின் அடியில் ஒளிந்திருக்கும். படத்தில் ஒவ்வொரு சிப்பின் எண்ணும் படிக்கிற மாதிரி விழ வேண்டும். என் முதல் போர்டுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அதில் பாதி நேரம் தூசி துடைப்பதில் போனது.

ஃபிளாட்பெட் ஸ்கேனரில் போர்டைக் கவிழ்த்து எடுத்தால் அருமையாக வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அது பழைய தடி சிசிடி ஸ்கேனராக இருக்க வேண்டும். இன்றைய மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் தெளிவாக விழும். அரை அங்குலம் உள்ளே இருக்கும் போர்டு ஆவி படிந்த மாதிரி இருக்கும். வீட்டில் இருப்பது மெல்லியது என்றால் செல்போனே மேல்.

பயாஸை எடுப்பது தனி வேலை. ரோம் சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் யூஎஸ்பி ரோம் புரோகிராமர் கருவிகள் 27சி512, 27சி010 போன்ற சிப்களை நன்றாகவே படிக்கும். சிப்பைக் கழற்றும்போது கால் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை படித்து இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். 27சி512 என்றால் கோப்பு சரியாக 64 கேபி, 27சி010 என்றால் 128 கேபி. கோப்பு முழுக்க எஃப்எஃப் என்ற ஒரே மதிப்பு வந்தால் சிப் காலி, அல்லது ஒரு கால் சரியாக உட்காரவில்லை.

இன்னொன்று. ஜன்னல் வைத்த, புற ஊதா வெளிச்சத்தில் அழியும் ஈப்ரோம் சிப்பின் மேலிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று மொட்டை மாடியில் வைத்துப் படமெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அந்தச் சிப் அழிந்துவிடும் என்று சிப்பின் டேட்டாஷீட்டிலேயே எழுதியிருக்கும். அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனாலும் முதலில் படியுங்கள், பிறகு உரியுங்கள், உடனே மேலே கறுப்பு டேப் ஒன்றை ஒட்டுங்கள்.

தைவான் போர்டு, பெயரில்லாத விஜிஏ கார்டு, சவுண்டு கார்டு, ஐடிஇ கன்ட்ரோலர், இப்படி 1990களின் பிசி சாமான் எதுவானாலும் எனக்கு இதுதான் முதல் வாசல். அப்பாவின் சென்டர் கதைக்கு அங்கே இடமில்லை. அது பொருளின் பட்டியல், மனிதர்களின் பட்டியல் அல்ல. நடத்துவது பெரிய நிறுவனம் எதுவும் அல்ல என்பதையும் மனதில் வைத்து, நீங்கள் கொடுப்பதன் ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி 2: இன்டர்நெட் ஆர்கைவ்

மேனுவல்கள், டிரைவர் டிஸ்க்குகள், விலைப்பட்டியல்கள், டீலர் கையேடுகள் என்று காகிதமும் கோப்பும் உள்ளவருக்கு இதுதான் வீடு. புரூஸ்டர் கேல் 1996இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் யாரும் ஏற்றலாம். பிடிஎஃப் ஏற்றினால் தானாகவே எழுத்துணரி ஓடி, உள்ளே சொல் தேடலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். ஏற்றும்போது மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பக்கங்களும் படிக்கப்படும். அதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு, ‘தமிழ் வேலைசெய்யவில்லை’ என்று நொந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

மேனுவலுக்கு அங்கே என்ன மரியாதை என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மேனுவல் விற்கும் ஒரு கிடங்கு காலியாகப் போகிறது என்று தெரிந்ததும், ஆர்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட் ஆள் திரட்டினார். முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் வந்து சில நாட்களில் பல்லாயிரம் மேனுவல்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வெளியே எடுத்தார்கள். ஸ்கேன் செய்ய வருஷக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் குப்பைக்குப் போகவில்லை.

இனி மறைந்த செலவுகள். முதலாவது, அங்கே தேடல் நீங்கள் எழுதும் விவரத்தை நம்பித்தான் இருக்கிறது. ‘ஸ்கேன்_003’ என்று தலைப்புப் போட்டு ஏற்றினால் கடலில் கரைத்த பெருங்காயம். மாடல் எண், சிப்செட், வருஷம், போர்டில் உள்ள எஃப்சிசி எண் எல்லாவற்றையும் விவரப் பகுதியில் நீங்களேதான் தட்ட வேண்டும். தலைப்பைப் பிறகு திருத்தலாம். அந்தப் பக்கத்துக்கு முதலில் கொடுத்த இணைய முகவரிப் பெயரை மாற்ற முடியாது. அவசரத்தில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது அப்படியே நிற்கும்.

இரண்டாவது, காப்புரிமை. நம் ஊர் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் காலம் அறுபது வருஷம். 1993இல் அச்சான மேனுவல் நம் காலத்தில் பொதுச்சொத்தாகாது. நிறுவனம் மூடிப்போனாலும் உரிமை எங்கோ யாரிடமோ இருக்கும். நடைமுறையில் முப்பது வருஷத்துப் பழைய ஜம்பர் கையேட்டுக்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை. உரிமையாளர் கேட்டால் ஆர்கைவ் எடுத்துவிடும். அந்த அளவு நிச்சயமின்மையைத் தாங்க முடிகிறவர்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். யாரும் கேட்கப்போவதில்லை என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மூன்றாவது செலவை யாரும் சொல்வதில்லை: ஃப்ளாப்பிக்குள் இருக்கும் அடுத்தவர் வாழ்க்கை. டிடிபி சென்டர் ஃப்ளாப்பி என்றால் கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, கடைக் கணக்கு, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். டிரைவர் டிஸ்க் என்று லேபிள் இருந்தாலும் நம்ப வேண்டாம். அழித்து மறுபடி எழுதிய டிஸ்க்குகள் அந்தக் காலத்தில் ஏராளம். டிஸ்க்கை அப்படியே முழுப் பிம்பமாக (இமேஜாக) நகலெடுத்தால் அழித்த கோப்பின் மிச்சமும் கூடவே வந்துவிடும். திறந்து பார்க்காமல் ஒன்றையும் ஏற்றாதீர்கள்.

நிலைத்து நிற்பதில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன், ஆனால் முழு மதிப்பெண் இல்லை. 2024 அக்டோபரில் தளத்தின் மேல் தாக்குதல் நடந்து சுமார் 3 கோடி பயனர் கணக்குகளின் விவரம் வெளியே போனது. பல நாள் தளமே திறக்கவில்லை. திறந்த பிறகும் கொஞ்ச நாள் படிக்கத்தான் முடிந்தது, ஏற்ற முடியவில்லை. கோப்புகள் பத்திரமாக இருந்தன. ஆனாலும் ‘எங்கே போகப்போகிறது’ என்று வீட்டுப் பிரதியை அழித்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பிட்சேவர்ஸ் என்ற பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கும். கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தின் மென்பொருள் காப்பாளராக இருந்த அல் கோசோ கட்டிய தொகுப்பு அது. டிஇசி, டேட்டா ஜெனரல் போன்ற நிறுவனங்களின் பெரிய மெஷின்களின் ஆவணங்கள் அங்கே மலையாகக் குவிந்திருக்கின்றன, உலகெங்கும் பல நகல்தளங்களும் உண்டு. எடுத்துப் படிக்க அருமையான இடம். நம் பரண் பெட்டியைக் கொண்டுபோய் நேராகப் போடும் இடம் அல்ல. ஏதாவது வங்கியின் பழைய மினி கம்ப்யூட்டர் மேனுவல் உங்களிடம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

வழி 3: விக்கிமீடியா காமன்ஸ்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகான, தெளிவான ஒற்றைப் படம் உங்களிடம் இருந்தால், உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கப்போவது இங்கே போட்டால்தான். விக்கிபீடியாவில் எந்த மொழிக் கட்டுரையும் அதை எடுத்துக்கொள்ளும். படத்தின் விளக்கத்தைத் தமிழிலும் எழுதலாம்.

ஆனால் விதி கறார். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு படம் கொடுக்க முடியாது. உங்கள் படத்தை யாரோ புத்தகத்தில் போட்டு விற்றாலும், பெயர் போட்டிருந்தால் நீங்கள் வாய் திறக்க முடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை, சிலருக்கு இருக்கிறது. மேனுவல் ஸ்கேனுக்கு இடமே கிடையாது. பயாஸ் கோப்பு நினைத்தே பார்க்க வேண்டாம். போர்டின் அட்டைப்பெட்டியைப் படமெடுத்தால் அதன் மேல் அச்சான ஓவியத்துக்கு வேறொருவர் உரிமையாளர் என்று சொல்லி நீக்கிவிடுவார்கள். வெறும் போர்டைப் படமெடுங்கள், சிக்கல் வராது.

பெயர் தெரியாத போர்டுக்கு இது இடமல்ல. சிப் எண்ணை வைத்து இங்கே யாரும் தேட மாட்டார்கள். அதே சமயம் வரலாற்றுப் பெயர் உள்ள பொருள் என்றால் இங்கே கட்டாயம் போட வேண்டும். எஸ்சிஎல் யூனிகார்ன் உதாரணம். 1980களில் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்துக்காக, பிரிட்டனின் பிபிசி மைக்ரோவை செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்துக் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் படித்தவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். எங்கேயாவது ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமில் ஒன்று கிடந்தால், அதன் நல்ல படம் ஒன்று ஆயிரம் தைவான் போர்டு படத்துக்குச் சமம். அதன் ரோமில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது, பழைய மெஷின்களைச் சாஃப்ட்வேரில் ஓட்டிக்காட்டும் மேம் எமுலேட்டர்காரர்களுக்கு அல்வா மாதிரி வேலை. மேம் ரோம் கோப்புகளைத் தன்னிடம் வைப்பதில்லை. ஒவ்வொரு கோப்பின் கைரேகை போன்ற எண்ணை மட்டும் பதிந்துகொள்ளும். அதுவும் ஒருவகைப் பட்டியல்தான்.

வழி 4: சொந்தத் தளம்

கேட்டவர்களில் பாதிப்பேரின் ரகசிய ஆசை இதுதான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தது. நம் இஷ்டத்துக்கு எழுதலாம், தமிழில் எழுதலாம். “இந்த கார்டை அப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கினார், வீட்டுக்கு வந்து சொருகினால் ஓடவில்லை, மறுநாள் திரும்பப் போனார்” என்ற கதைக்கு வேறெங்கும் இடம் கிடையாது.

பிரச்சினை முதல் வருஷத்தில் வராது, ஏழாவது வருஷத்தில் வரும். டொமைன் புதுப்பிக்கிற மின்னஞ்சல் நீங்கள் திறக்காத முகவரிக்குப் போகும். அல்லது உங்களுக்கு இந்த ஆர்வமே போயிருக்கும். 2009 அக்டோபரில், இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ மூடியபோது அதிலிருந்த பழைய ஹார்ட்வேர் பக்கங்களும் கூடவே போயின. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர்களும் இன்னும் சிலரும் இரவு பகலாக அள்ளியது மட்டும் மிஞ்சியது. என் கதை இன்னும் சின்னது. இருபது கார்டுகளின் படங்களை ஒரு இலவசப் படத்தளத்தில் வைத்து, அங்கிருந்து என் பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர்கள் விதியை மாற்றினார்கள். என் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். மூலப்படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் அதற்கு முந்தைய வருஷமே படுத்துவிட்டது. கார்டுகளையும் அதற்குள் கொடுத்துவிட்டிருந்தேன்.

எனவே சொந்தத் தளம் வைப்பவர் வைக்கட்டும், கதைக்கு. படமும் கோப்பும் வேறிடத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரெட்ரோ வெப் | ஆர்கைவ் | காமன்ஸ் | சொந்தத் தளம் |
|---|---|---|---|---|
| சிப் எண், பயாஸ் வரி வைத்துத் தேடல் | மிக நன்று | நீங்கள் எழுதினால் உண்டு | இல்லை என்றே சொல்லலாம் | கூகுள் விட்ட வழி |
| படம் | ஏற்கும் | ஏற்கும் | அதற்காகவே இருக்கிறது | உங்கள் விருப்பம் |
| மேனுவல் | அந்தப் போர்டுக்கானது | எல்லாம் | ஏற்காது | பொறுப்பு உங்களுடையது |
| பயாஸ் | ஏற்கும் | ஏற்கும் | ஏற்காது | பொறுப்பு உங்களுடையது |
| கதை, நினைவு | இடமில்லை | விவரப் பகுதியில் கொஞ்சம் | ஓரிரு வரி | தாராளம் |
| உண்மையான செலவு | துல்லியம் பார்க்கும் நேரம் | விவரம் தட்டும் நேரம் | உரிமையை விட்டுக்கொடுப்பது | வருஷா வருஷம் பராமரிப்பு |
| நீங்கள் விலகிய பின் | தன்னார்வலர்கள் உள்ளவரை | பெரும்பாலும் நிற்கும் | நிற்கும் | டொமைன் முடியும் வரை |

மதுரைப் பெட்டிக்கு

அவர் அனுப்பிய எட்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு போர்டுகள் சாதாரண 486, பென்டியம் வகை. அவை ரெட்ரோ வெப்புக்கு. முதலில் சிப்செட்டை வைத்துத் தேடி, ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். ரிவிஷன் வேறாக இருக்கலாம், பயாஸ் புதியதாக இருக்கலாம், பழைய படம் மங்கலாக இருக்கலாம். சிப்களின் மேல் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும். 9532 என்றால் 1995ஆம் வருஷத்தின் 32ஆவது வாரம். போர்டிலேயே மிகப் பிந்திய தேதியுள்ள சிப்பைப் பிடித்தால், போர்டு அதற்கு முன்னால் தயாராகியிருக்காது என்று சொல்லிவிடலாம்.

கம்பிச்சுருள் மேனுவல்கள் ஆர்கைவுக்கு. சுருளைப் பிரித்துத் தாள்தாளாக ஸ்கேன் செய்யலாம், மறுபடி கோர்ப்பதும் சுலபம். ஒட்டிய புத்தகத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

மூன்றாவது படத்தில்தான் நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஒரு நீளமான ஐசா கார்டு. ஓரத்தில் பாதி அழிந்த எழுத்தில் ‘ஜிஸ்ட்’ என்று படிக்க முடிகிறது. அது நான் நினைப்பதுதான் என்றால், இந்தப் பெட்டியில் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம். யூனிகோடும் விண்டோஸ் எழுத்துருக்களும் வருவதற்கு முன், சாதாரண டாஸ் திரையில் தமிழ் உட்பட இந்திய எழுத்துகளைக் காட்டுவதற்கென்றே செய்த கார்டு ஜிஸ்ட். ஐஐடி கான்பூரில் முளைத்த ஆராய்ச்சியைப் புனேயில் உள்ள அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் வளர்த்தெடுத்தது. 1991இல் இந்தியத் தரமாக அறிவிக்கப்பட்ட, இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீடும் அதே குடும்பம்தான். தமிழ் எழுத்துகளை வரைகிற வேலையைச் சாஃப்ட்வேருக்கு விடாமல் கார்டே பார்த்துக்கொண்டது. தைவான் போர்டு ஒன்று காயலான் கடைக்குப் போனால் அதே மாதிரி இன்னொன்று போலந்திலோ பிரேசிலிலோ யாரிடமாவது இருக்கும். இதற்கு அப்படி ஆள் தேட முடியாது. இருந்தால் இந்தியாவில்தான் இருக்க வேண்டும். நான் துழாவிய வரையில் இந்தியத் தயாரிப்புகளின் பக்கங்கள் இந்தப் பட்டியல்களில் மிகவும் குறைவு.

அதனால் இந்த ஒரு கார்டுக்கு மட்டும் நான்கு வழியும் போகச் சொன்னேன். இருபக்கப் படமும் சிப் எண்களும் ரெட்ரோ வெப்புக்கு. நல்ல படம் ஒன்று காமன்ஸுக்கு, தமிழ் விளக்கத்தோடு. கூட வந்த ஃப்ளாப்பியும் கையேடும் கிடைத்தால் ஆர்கைவுக்கு. அப்பா இன்னும் இருக்கிறார், நினைவும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவரை உட்கார வைத்து, அந்தக் கார்டில் என்னென்ன அடித்துக் கொடுத்தார், எந்த விசைப்பலகை, எந்த பிரிண்டர் என்று கேட்டு எழுதி, அதைச் சொந்தப் பக்கத்தில் போடச் சொன்னேன். அந்தக் கார்டில் உள்ள ரோம் சிப்களை மட்டும் அவர் கையால் கழற்ற வேண்டாம். பழக்கம் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது செய்துகொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் அனுப்பிய படங்களில் இரண்டு 486 போர்டுகளின் மூலையில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி பேட்டரி தெரிகிறது. 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். இந்நேரம் அது கசிந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் காரம் பச்சையாகப் பூத்து, பக்கத்திலிருக்கும் கீபோர்டு கன்ட்ரோலரின் கால்களையும் தடங்களையும் தின்னும். ஒரு கட்டர் எடுத்து அதன் இரண்டு கால்களையும் வெட்டி எடுங்கள். பச்சை படிந்த இடத்தில் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முறை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். படமும் பட்டியலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியை இன்றைக்கே வெட்டிவிடுங்கள்.